மூர் மார்க்கெட் லோக்கலும் 120 ரூபாய் சட்டையும்!

‘பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக்குக்கு பேரீச்சம்பழ்ழ்ழம்ம்ம்!’

இந்தக் குரலைக் கேட்காம வளர்ந்த தமிழ்ப்பிள்ளை யாராவது இருக்கீங்களா? எங்க திருத்தணியில இதுக்கு ஒரு தெலுங்கு வெர்ஷனும் உண்டு. ஆந்திரா பார்டர் ஆச்சே! ஒரே ஆள் ஒரு தெருவுல தமிழ்ல கூவிட்டு, அடுத்த தெருவுல தெலுங்குல கூவுவார். பின்னாலேயே பாத்திரக்கார அம்மா வருவாங்க. அப்பாவோட நாலு பழைய பேன்ட், ஜரிகை நைஞ்ச ஒரு புடவை... அதைக் கொடுத்தா பதிலுக்கு ஒரு எவர்சில்வர் டபரா. அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்து, ‘சரி, அந்த சின்ன கிண்ணத்தையும் வெச்சுட்டுப் போ’ன்னு ஆயா மேட்ச்சை முடிச்சு வைப்பாங்க.

ஆக, பழசை விக்கிறதுல நம்மாளுங்களுக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. ஆனா, பழசை வாங்குறதுன்னா மட்டும் மூஞ்சி எட்டுக்கோணலா போயிடும்! ‘அய்ய... யாரோ போட்டதா?’ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க... அந்தக் கேள்விக்கு பயந்தே எத்தனையோ பேர் கடன் வாங்கி புதுசு வாங்குறாங்க. காலேஜ்ல படிக்கிற நமக்கு பாக்கெட் மணின்னு வர்றது பஸ் பாஸுக்கும் ஜெராக்ஸுக்குமே பத்தாது. இதுல பந்தா வேற!

நான் செகண்ட் ஹேண்ட் கட்சி. பி.காம் மூணு வருஷமும் இந்தக் கட்சியிலதான் இருந்தேன். எங்க கட்சியோட கொள்கை விளக்கக் கூட்டம்தான் இது. வாங்க, உட்காருங்க.

ரயிலே பேர் சொல்லுது

திருத்தணியில இருந்து சென்னைக்குப் போற லோக்கல் ட்ரெயின் எங்கே போய் நிக்கும்? ‘சென்ட்ரல்’னு சொல்வீங்க. பாதிதான் சரி. மின்சார ரயில்கள் நிக்கிற அந்தக் கட்டடத்துக்கு ரயில்வே வெச்சிருக்கிற பேர் ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’. சுருக்கமா, எம்.எம்.சி. அரக்கோணம், கடம்பத்தூர், திருவள்ளூர், ஆவடின்னு 80 கிலோமீட்டருக்கு மேல ஆடி ஆடிப் போய் இறங்குறோமே, அந்த இடம் ஒரு காலத்துல மெட்ராஸோட மகா பெரிய பழைய சாமான் சந்தை!

1898-ல அடிக்கல் நாட்டி, 1900-ல திறந்த மார்க்கெட் அது. சென்னை மாநகராட்சியோட தலைவரா இருந்த சர் ஜார்ஜ் மூர் பேரை வெச்சாங்க. பிராட்வேயில நடைபாதையில கடை போட்டிருந்தவங்களுக்கு ஒரு நிரந்தர இடம் கொடுக்கணும்ங்கிறதுதான் ஐடியா. சிவப்புக் கல் கட்டடம், சுத்தி நாலு பக்கமும் தாழ்வாரம், உள்ளே பழைய புத்தகம், கிராமபோன் ரெக்கார்டு, கடிகாரம், மேஜை நாற்காலி, பறவைகள்... ‘மூர் மார்க்கெட்ல அப்பா, அம்மா தவிர எல்லாம் கிடைக்கும்’னு அந்தக் கால ஆளுங்க சொல்வாங்க.

1985 மே 30. ஒரே தீ. மொத்தமும் போச்சு. அந்த இடத்துலதான் இப்போ நாம இறங்குற ஸ்டேஷன் நிக்குது. வாசல்ல பழைய மார்க்கெட்டோட சின்ன மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருக்காங்க. ஓடுற ஓட்டத்துல பாதிப் பேர் அதைக் கவனிச்சிருக்கவே மாட்டீங்க. கடைக்காரங்களுக்கு பக்கத்துலேயே அல்லிக்குளம் வளாகத்துல இடம் கொடுத்தாங்க. எங்களுக்கு முந்தின எத்தனையோ பேட்ச் என்ஜினீயரிங் பசங்க, முதல் வருஷம் வாங்கின புத்தகத்தை அங்கே கொடுத்துட்டு, ரெண்டாம் வருஷ புத்தகத்தை அங்கேயே வாங்கியிருக்காங்க.

பழசுன்னா மட்டம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு ஆளை அறிமுகப்படுத்துறேன். பேர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டுல கோட்டையூர்க்காரர். சைன்போர்டு எழுதுறது தொழில். மத்தவங்க வேண்டாம்னு கழிச்ச பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு தேடித் தேடிச் சேர்த்தார். 1992-ல அவர் இறந்தப்போ அந்தச் சேகரிப்புல சுமார் ஒரு லட்சம் உருப்படி! அமெரிக்காவுல இருக்குற சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டு போகாம, சென்னையிலேயே 1994-ல நூலகமா ஆக்குச்சு. இன்னிக்கு தமிழைப் பத்தி பிஹெச்.டி பண்றவங்க தரமணிக்குப் போய் அந்த ‘பழைய பேப்பரை’த்தான் புரட்டுறாங்க. எடைக்குப் போட்டா என்ன கிடைச்சிருக்கும்? நாலு கிலோ பேரீச்சம்பழம்!

எலுமிச்சம்பழத்துக்கு நோபல் பரிசு!

காமர்ஸ், எகனாமிக்ஸ் குரூப் எல்லாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. இது உங்க ஏரியா.

ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர். செகண்ட் ஹேண்ட் கார் மார்க்கெட்டைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். மூணு பெரிய பத்திரிகைங்க ‘வேணாம்’னு திருப்பி அனுப்பிடுச்சு. நாலாவதா ஒரு பத்திரிகை 1970-ல போட்டுச்சு. 2001-ல அவருக்கு நோபல் பரிசு! (அரியர் வெச்சிருக்கிறவங்க மனசைத் தேத்திக்கலாம்.)

அவர் சொன்ன மேட்டர் ரொம்ப சிம்பிள். உருப்படாத காரை அங்கே ‘எலுமிச்சம்பழம்’னு சொல்வாங்க. நம்ம ஊரு பாஷையில டப்பா வண்டி. பழைய கார் விக்கிறவருக்கு அது நல்ல வண்டியா, டப்பாவான்னு தெரியும். வாங்குறவருக்குத் தெரியாது. அதனால வாங்குறவர் என்ன பண்ணுவார்? ‘எதுவா இருந்தாலும் இருக்கட்டும்’னு ஒரு நடுத்தர விலைக்கு மேல தர மாட்டார். அந்த விலைக்கு நல்ல வண்டியைக் கொடுக்க மனசு வராதவர் மார்க்கெட்டுக்கே வர மாட்டார். மிச்சம் இருக்குறது பெரும்பாலும் டப்பாதான்!

இதைப் படிச்சப்போ எனக்கு சட்டுனு ஒண்ணு தோணுச்சு. பழைய சாமான் சந்தையில விலை கம்மியா இருக்கக் காரணமே, வாங்குறவங்களோட பயம்தான். டப்பாவுக்கும் நல்லதுக்கும் ஒரே விலை. அப்போ, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஆளு உள்ளே போனா? டப்பா விலைக்கு நல்ல பொருளைத் தூக்கிட்டு வரலாம்! ‘சீப்பா எங்கே கிடைக்கும்?’ங்கிறதை விட ‘எனக்கு எதைப் பத்தித் தெரியும்?’ங்கிறதுதான் முதல் கேள்வி. உங்களுக்கு கிரிக்கெட் தெரியும்னா பழைய பேட் வாங்குங்க. பைக் இன்ஜின் சத்தத்தை வெச்சே வியாதி சொல்ற நண்பன் இருந்தா அவனை இழுத்துக்கிட்டு புதுப்பேட்டை போங்க. தெரியாத பொருள் எவ்வளவு சீப்பா இருந்தாலும் அது லாட்டரி சீட்டு மாதிரிதான்.

சரி, எனக்கு எதைப் பத்தித் தெரியும்? துணியைப் பத்தி. காரணம், எங்கப்பா.

அப்பாவோட கட்டைவிரல்

திருத்தணின்னா எல்லாருக்கும் மலை மேல முருகன், 365 படி, ஆடிக்கிருத்திகை காவடி. கொஞ்சம் ஜி.கே தெரிஞ்சவங்களுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன். ஹிஸ்டரி படிச்சவங்களுக்கு, ம.பொ.சி. போராட்டமும் 1960 ஏப்ரல் 1-ல இந்த ஊரு சித்தூர் மாவட்டத்துல இருந்து தமிழ்நாட்டுக்கு வந்ததும். ஆனா, எங்களைச் சுத்தி இன்னொரு உலகம் இருக்கு. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பார்டர் தாண்டினா நகரி, புத்தூர்... எல்லாமே தறி ஊருங்க. தெருவுல நடந்தா ‘டக்கட டக்கட’ன்னு ரெண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம். எங்கப்பாவுக்கு அதுலதான் கூலி நெசவு.

அவர் துணியைப் பார்க்குற விதமே தனி. லேபிள் பக்கம் கண்ணே போகாது. துணியை வெளிச்சத்துக்கு நேரா பிடிப்பார். பாவும் ஊடையும் ஒரே மாதிரி நெருக்கமா இருக்கா, எங்கேயாவது சந்து தெரியுதான்னு பார்ப்பார். அப்புறம் கட்டைவிரலால அழுத்தி நாலு தடவை தேய்ப்பார். நூல் மொட்டு மொட்டா உருண்டு வந்தா, ‘கலப்படம்’னு ஒதுக்கிடுவார். உள்பக்கம் திருப்பி தையல் ஓரத்துல எவ்வளவு துணி விட்டிருக்காங்கன்னு பார்ப்பார். ‘ஓரத்துல கஞ்சத்தனம் பண்ணினவன் எல்லாத்துலயும் பண்ணியிருப்பான்’கிறது அவரோட தியரி. சந்தேகம் தீரலைன்னா, ஒரு நூலை உருவி நெருப்புல காட்டுவார். பேப்பர் எரியுற வாசனை வந்து, சாம்பல் பொடியா உதிர்ந்தா பருத்தி. முடி கருகுற நாத்தம் வந்தா பட்டு இல்லேன்னா கம்பளி. உருகி, கருப்பா கெட்டி உருண்டையா நின்னா பாலியஸ்டர். எங்க வீட்டு லேப்ல இவ்வளவுதான் கருவி. தீப்பெட்டி ஒண்ணே ஒண்ணு!

இப்போ சிக்கலுக்கு வர்றேன். ஃபைனல் இயர்ல கேம்பஸ் இன்டர்வியூ வந்துச்சு. நோட்டீஸ் போர்டுல ‘ஃபார்மல்ஸ் கட்டாயம்’னு ஒட்டிட்டாங்க. ஃபுல் ஹேண்ட் சட்டை, பேன்ட். நம்மகிட்ட இருந்ததெல்லாம் சுடிதார்தான். கடையில விசாரிச்சா, ரெண்டும் சேர்ந்து 1,800 ரூபாய்க்கு குறையலை. அந்த மாசம்தான் எக்ஸாம் ஃபீஸ் கட்டியிருந்தோம். தறியும் பாதி நாள் ஓடலை. அப்பாகிட்ட கேட்டா எங்கேயாவது கைமாத்து வாங்கிக் கொடுத்துடுவார். அது எனக்குத் தெரியும். அதனாலதான் கேட்க மனசு வரலை.

‘பல்லாவரம் சந்தைக்குப் போறேம்பா. பழைய சட்டை கிடைக்குமாம்’னு சொன்னேன்.

சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர் நிறுத்திட்டார். ‘ஊருக்கே துணி நெய்யுறவன் வீட்டுப் பொண்ணு, ஊரான் கழட்டிப் போட்டதைப் போடணுமா?’

கோபமா கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். அவர் மெதுவா கேட்டார். அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை சந்தை

ஸ்டடி ஹாலிடேல ஒரு வெள்ளிக்கிழமை. காலையில முதல் வேலையா லோக்கல் பிடிச்சு நானும் என் ஃப்ரெண்டும் கிளம்பினோம். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல இறங்கி, ரோட்டைக் கடந்து பூங்கா ஸ்டேஷன்ல தாம்பரம் வண்டி ஏறினா நேரா பல்லாவரம்.

பார்க்காதவங்களுக்காக: பழைய டிரங்க் ரோடுல வெள்ளிக்கிழமை தோறும் கூடுற சந்தை. நூறு வருஷத்துக்கு மேல பழசு. ஆரம்பத்துல பரங்கிமலைப் பக்கம் மாட்டுச் சந்தையா இருந்ததுன்னு சொல்வாங்க. இப்போ காய்கறி, செடி, கோழி, மீன் தொட்டியில ஆரம்பிச்சு பழைய கம்ப்யூட்டர், கட்டில், கதவு, சைக்கிள், ஷூ, ஒத்தைச் செருப்பு வரைக்கும் தரையில விரிச்சிருப்பாங்க. ஒத்தைச் செருப்பை யார் வாங்குவாங்கன்னு கேட்காதீங்க. அங்கே எல்லாத்துக்கும் ஒரு ஆள் இருக்கு!

மூணு மணி நேர ரிசர்ச்சுல நாங்க கண்டுபிடிச்ச விதிகள் இதோ:

ஒண்ணு: ஒரு ரவுண்டு வெறும் கையோட சுத்துங்க. முதல் கடையிலேயே வாங்காதீங்க. எந்தப் பொருள் என்ன விலைக்குப் போகுதுன்னு மத்தவங்க பேரம் பேசுறதைக் கேட்டாலே தெரிஞ்சுடும். ஒட்டுக் கேட்கிறது இங்கே மட்டும் பாவம் இல்லை.

ரெண்டு: நல்லது வேணும்னா காலையில போங்க. விலை குறையணும்னா சாயங்காலம் போங்க. ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. மூட்டையைத் திரும்பக் கட்டி வண்டி ஏத்துற செலவை விட, குறைச்சுக் கொடுக்குறது வியாபாரிக்கு லாபம். எங்க ஊரு ஆடிக்கிருத்திகை கடையிலயும் இதே கதைதான். கூட்டம் இறங்கின மறுநாள் போனா வளையல், பொம்மை எல்லாம் பாதி விலை.

மூணு: துணியில சைஸ் நம்பரை நம்பாதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், துவைச்சாலும் மாறும். உங்களுக்கு கச்சிதமா இருக்குற சட்டையோட தோள் அளவு, நீளத்தை ஒரு நூல்ல முடிச்சுப் போட்டு எடுத்துட்டுப் போங்க. தோள் சரியா இருந்தா எடுக்கலாம். இடுப்பு, நீளம், கை எல்லாம் டெய்லர் பார்த்துப்பார். தோளைப் பிரிச்சுத் தைக்கிறதுக்கு புதுசே தைச்சுடலாம்.

நாலு: பொருள் எங்கே தேயும்னு யோசிச்சு அங்கே பாருங்க. சட்டைன்னா காலர் மடிப்பு, அக்குள், கஃப். பேன்ட்னா முட்டி, பின்பக்கம், ஜிப். ஷூவுக்கு அடிப்பாகம், பைக்கு கைப்பிடி தைச்ச இடம். பட்டன் இல்லைன்னா கவலை வேண்டாம், அதையே சொல்லி விலையைக் குறைங்க. சின்னக் கிழிசலை ரஃபு பண்ணிடலாம். காலர் நைஞ்சிருந்தா, பிரிச்சுத் திருப்பித் தைக்கிற டெய்லருங்க இன்னும் இருக்காங்க. ஆனா அக்குள் கறை, பூஞ்சைப் புள்ளி... நோ சான்ஸ்! அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க.

அஞ்சு: ‘இவ்வளவு சீப்பா இருக்கே’ன்னு எதையும் வாங்காதீங்க. தேவையில்லாத பொருள் பத்து ரூபாய்னாலும் பத்து ரூபாய் நஷ்டம்தான். வீட்டுலேயே லிஸ்ட் எழுதிட்டுப் போங்க.

பழைய துணியில ஒரு சீக்ரெட் வேற இருக்கு. புதுசு வாங்கினா முதல் துவையல்ல சுருங்குமா, சாயம் போகுமான்னு திக்திக்னு இருக்கும். பழசுல அந்தக் கவலையே இல்லை. சுருங்க வேண்டியது சுருங்கியாச்சு, போக வேண்டிய சாயம் போயாச்சு. அதுக்கு அப்புறமும் கெத்தா நிக்குதுன்னா, அது டெஸ்ட்ல பாஸான துணி!

நாலாவது மூட்டையில ஒரு வெள்ளைச் சட்டை. வெளிச்சத்துல பிடிச்சேன். கட்டைவிரலால தேய்ச்சேன். உள்பக்கம் திருப்பினேன், ஓரத்துல அரை இன்ச் துணி. மேல இருந்து ரெண்டாவது பட்டன் காணோம். 200-ல ஆரம்பிச்சு 120-ல முடிஞ்சுது. கறுப்பு பேன்ட் 150. ஊருக்கு வந்து வெந்நீர்ல ஊறப்போட்டு, துவைச்சு, வெயில்ல காயவெச்சு, டெய்லர்கிட்ட இடுப்பு பிடிச்சு, பட்டன் வெச்சதுக்கு 80. ஆக மொத்தம் 350 ரூபாய்.

ராத்திரி அப்பா வந்தார். கொடியில தொங்கின சட்டையைப் பார்த்தார். ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து போய், டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சார். கட்டைவிரல் தானா போய் தேய்ச்சுது. ‘நல்ல நூலு’ன்னார். அப்புறம், ‘எவனோ ஒருத்தன் ஒழுங்கா நெய்ஞ்சிருக்கான்’னார்.

ஊரான் கழட்டிப் போட்டதுன்னு சொன்ன அதே சட்டை, இப்போ அவருக்கு இன்னொரு நெசவாளி நெய்ஞ்சதா தெரிஞ்சுது. நான் எத்தனை விளக்கம் சொல்லியிருந்தாலும் அது நடந்திருக்காது.

செல்போனா? ஜாக்கிரதை!

துணியில ஏமாந்தா 120 ரூபாயோட போச்சு. எலக்ட்ரானிக்ஸ்ல ஏமாந்தா சமயத்துல போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போக வேண்டி வரும். பழைய போன் வாங்குறதுக்கு முன்னாடி *#06# அடிங்க. 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும். அதை மத்திய அரசோட ‘சஞ்சார் சாத்தி’ தளத்துல போட்டா, அந்த நம்பர் திருட்டுப் பட்டியல்ல முடக்கப்பட்டதா, எந்த மாடல் போனுக்கு உரியதுன்னு சொல்லிடும். 2023-ல இருந்து இந்த வசதி இருக்கு. நம்பர் ஒரு மாடலைக் காட்டி, கையில இருக்குறது வேற மாடல்னா... அப்படியே அபவுட் டர்ன்! பில் கேளுங்க. விக்கிறவர் தன்னோட அக்கவுன்ட்டுல இருந்து உங்க முன்னாடியே லாக்-அவுட் பண்ணணும். இல்லேன்னா வாங்கின பிறகு போன் திறக்காம பேப்பர் வெயிட்டாதான் பயன்படும்.

இன்னொண்ணு. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் சில சமயம் விலைக்கு வரும். 2011 செப்டம்பர் 15-ல இந்தத் திட்டம் ஆரம்பிச்சதே எங்க திருவள்ளூர் மாவட்டத்துலதான். மேல முத்திரை இருக்கும். எவ்வளவு சீப்பா கொடுத்தாலும் தொடாதீங்க. அது விக்கிறதுக்குக் கொடுத்த பொருள் இல்லை.

ஹெல்மெட், குழந்தைங்களோட கார் சீட், உள்ளாடை, மேக்கப் சாமான், காலாவதி தேதி போட்ட எதுவும்... இதெல்லாம் செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை கீழே விழுந்த ஹெல்மெட் வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே உடைஞ்சிருக்கும். எங்க கட்சி மேனிஃபெஸ்டோவுல இது முக்கியமான ஷரத்து.

பேரம்... எவ்வளவு தூரம்?

எங்க ஊரு பொண்ணுங்களுக்கு பேரத்துல ஒரு எக்ஸ்ட்ரா ஆயுதம் இருக்கு. தெலுங்கு! நகரிப் பக்கம் இருந்து வந்த வியாபாரின்னு தெரிஞ்சா, ‘அண்ணா, கொஞ்சம் தக்கிஞ்சண்டி’ன்னு ஒரு வார்த்தை விட்டா போதும். முகம் மலர்ந்து இருபது ரூபாய் இறங்கிடும். ‘நீங்க என்ன சொல்றீங்க, நான் என்ன சொல்றேன்’னு சண்டை போடுறதை விட, சிரிச்சுப் பேசுறதுல அதிகம் குறையும்ங்கிறது எங்க அனுபவம்.

ஆனா, ஒரு விஷயத்துல எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் இன்னும் தீராத வழக்கு ஒண்ணு இருக்கு. அன்னிக்கு சந்தையில ஒரு வயசான அம்மா, சாக்குல பத்துப் பதினஞ்சு பொருளை மட்டும் பரப்பி வெச்சிருந்தாங்க. அதுல ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர். கடையில 1,000 ரூபாய்க்கு மேல விக்கிற மாடல். அந்த அம்மா சொன்ன விலை 40. என் ஃப்ரெண்ட் கேட்ட விலை 30!

நான் அவளைக் கிள்ளினேன். ‘அவங்களுக்கு இது என்னன்னு தெரியலைடி.’

‘அகெர்லாஃப், அகெர்லாஃப்னு ட்ரெயின் முழுக்க ரம்பம் போட்டியே... தெரிஞ்சவங்களுக்குத்தான் லாபம்னு நீதானே சொன்னே?’

பதில் சொல்ல முடியலை. நான் அந்த அம்மாகிட்ட, ‘இது பசங்க பரீட்சைக்கு எடுத்துட்டுப் போறது ஆயா. புதுசு ஆயிரத்துக்கு மேல. இன்னொரு தடவை கிடைச்சா 200-க்குக் குறையாம சொல்லுங்க’ன்னு சொன்னேன். அவங்க கால்குலேட்டரையும் எங்களையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, ‘அப்போ 100 குடு’ன்னாங்க. என் ஃப்ரெண்ட் 100 கொடுத்தா. திரும்பி வர்ற வரைக்கும் என்கிட்ட பேசலை!

அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பெரிய கடையில எம்.ஆர்.பி-க்கு மேல கேட்டாலும் வாயை மூடிக்கிட்டு கொடுக்குறோம், இங்கே மட்டும் ஏன் இவ்வளவு தர்மம்னு கேட்டா. நான் கேட்குறது அதையே திருப்பி: பெரிய கடையில வாயைத் திறக்காத நாம, சாக்கு விரிச்சு உட்கார்ந்திருக்குறவங்ககிட்ட மட்டும் ஏன் பத்து ரூபாய்க்கு வீரம் காட்டுறோம்? கல்லாப்பெட்டி வெச்ச பழைய சாமான் வியாபாரிகிட்ட நல்லா பேரம் பேசுங்க. அவருக்கும் அது விளையாட்டு. அன்னிக்கு சாயங்காலம் அரிசி வாங்கணும்னு உட்கார்ந்திருக்குறவங்க யார்னு பார்த்தாலே தெரியும். அங்கே கொஞ்சம் லூஸ்ல விடுங்க பாஸ்!

யாரோ போட்டது

மத்த நாட்டுல இதுக்கு இவ்வளவு வெட்கப்படுறது இல்லை. 1902-ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல எட்கர் ஹெல்ம்ஸ்னு ஒரு பாதிரியார், வசதியானவங்ககிட்ட பழைய துணி, சாமான் வாங்கி, வேலையில்லாதவங்களை வெச்சு அதைச் சரி பண்ணி விக்க ஆரம்பிச்சார். அதுதான் இன்னிக்கு அமெரிக்கா முழுக்க கடை வெச்சிருக்குற ‘குட்வில்’. நம்ம நாட்டுல அன்ஷு குப்தா ஆரம்பிச்ச ‘கூஞ்ச்’ அமைப்பு, நகரத்துல மிச்சமான துணியை கிராமத்துக்குக் கொண்டு போகுது. ஆனா இனாமா கொடுக்குறது இல்லை. குளம் வெட்டுறது, ரோடு போடுறதுன்னு ஊருக்காக வேலை செஞ்சவங்களுக்கு அதுக்குப் பதிலா கொடுக்குறாங்க. வாங்குறவங்க தலை குனியக் கூடாதுங்கிறதுதான் விஷயம். 2015-ல அவருக்கு மகசேசே விருது கிடைச்சுது.

இன்னொரு பக்கமும் சொல்லணும். பணக்கார நாடுங்க கழிச்சுக் கட்டுற துணி மூட்டை மூட்டையா ஆப்பிரிக்காவுல போய் இறங்குது. கானா நாட்டு கன்டமன்டோ சந்தையில அந்தத் துணியை ‘செத்துப்போன வெள்ளைக்காரன் துணி’ன்னே சொல்றாங்க. இவ்வளவு துணியை உயிரோட இருக்குறவன் வேண்டாம்னு போட மாட்டான்னு அவங்க நினைச்சாங்களாம்! 2025 ஜனவரி முதல் தேதி ராத்திரி அந்தச் சந்தையும் தீப்பிடிச்சு எரிஞ்சுது. நம்ம மூர் மார்க்கெட் மாதிரியேதான். பழசை நம்பிப் பிழைக்கிறவங்க எங்கேயும் நெருக்கமான, ஒழுங்கா வசதி இல்லாத இடத்துலதான் இருக்க வேண்டியிருக்கு. ஒரு டி-ஷர்ட்டுக்கு வேண்டிய பருத்தி விளையறதுல இருந்து கைக்கு வர்ற வரைக்கும் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகுதுன்னு உலக இயற்கை நிதியம் கணக்கு சொல்லுது. அதை நாலு தடவை போட்டுட்டு தூக்கிப் போடுறது ஃபேஷன், பழசை வாங்கிப் போடுறது அசிங்கமா? நல்லா இருக்கே நியாயம்!

உண்மையில நம்ம காலேஜ் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு சூப்பர் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட் ஓடிக்கிட்டு இருக்கு. என்ஜினீயரிங் பசங்களைக் கேளுங்க. முதல் வருஷம் வாங்குற மினி டிராஃப்டர், டிராயிங் பேப்பர் வெச்சுக்குற குழாய், லேப் கோட்... எத்தனை சீனியர் கை மாறி வந்திருக்கும்! டிராஃப்டர் டப்பா மேல நாலு பேட்ச் பேர் கிறுக்கியிருக்கும். அதை யாரும் ‘யாரோ போட்டது’ன்னு சொல்றது இல்லை. ‘அண்ணன் யூஸ் பண்ணினது, அண்ணன் ஆல் க்ளியர்’னு பெருமையா சொல்லிக்கிறாங்க. தெரிஞ்சவங்க போட்டா பாசம், தெரியாதவங்க போட்டா கூச்சம். அவ்வளவுதான் வித்தியாசம். எல்லா டிபார்ட்மென்ட்டுலயும் வருஷக் கடைசியில ஒரு பெஞ்சைப் போட்டு, புத்தகம், கால்குலேட்டர், கோட், ஃபார்மல்ஸ்னு சீனியர் விக்கிறதை ஜூனியர் வாங்க ஒரு நாள் வெச்சா என்ன? ஹெச்.ஓ.டி. ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

சட்டை என்ன ஆச்சுன்னு கேட்குறீங்களா? முதல் கம்பெனி இன்டர்வியூவுல ரெண்டாவது ரவுண்டுல வெளியே வந்துட்டேன். அடுத்த கம்பெனிக்கும் அதே சட்டைதான். அதுல கிடைச்சுது. ரெண்டு இடத்துலயும் சட்டையைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. இப்போ அது எங்க தெருவுலேயே செகண்ட் இயர் படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட இருக்கு. கொடுக்குறப்போ சும்மா வாங்கிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா. 50 ரூபாய்க்கு வித்தேன். அவளும் பேரம் பேசித்தான் வாங்கினா. 75-ல ஆரம்பிச்சேனாக்கும்!